லாட்டரி: கேரளாவில் அரசு வருமானம், தமிழ்நாட்டில் குற்றம், ஒரே சீட்டுக்கு ஏன் இரண்டு நியாயம்?

2023 ஓணம் பம்பரில் 25 கோடி ரூபாய் முதல் பரிசு விழுந்த சீட்டு விற்றது கேரள எல்லையான வாளையாறில். பரிசு பெற்றவர்களோ தமிழ்நாட்டுக்காரர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் அரசே அச்சடித்து விற்கும் சீட்டை இந்தப் பக்கம் கொண்டுவந்து விற்றால் போலீஸ் பிடிக்கும். ஏன் இப்படி?

லாட்டரி இந்தியாவுக்குப் புதுசா?

இல்லை. கொல்கத்தாவில் 1813-ல் கட்டி முடிக்கப்பட்ட டவுன் ஹாலுக்குப் பணம் திரட்டியது லாட்டரி நடத்தித்தான். 1817-ல் கிழக்கிந்திய கம்பெனி ஆட்சியில் 'லாட்டரி கமிட்டி' என்றே ஒரு குழு அமைத்தார்கள். இன்றைக்குப் புத்தகக் கடைகளுக்குப் பேர்போன காலேஜ் ஸ்ட்ரீட் உட்பட பல சாலைகள் அந்தப் பணத்தில் போடப்பட்டவை. மக்கள் மீது வரி போட்டால் எதிர்ப்பு வரும். சீட்டு விற்றால் அவர்களே வரிசையில் நிற்பார்கள். அரசுகளுக்கு லாட்டரி பிடித்துப்போன காரணம் அவ்ளோதான்.

மாநில அரசுகள் எப்போது இறங்கின?

1967-ல் கேரளா லாட்டரிக்கென்றே தனித் துறை தொடங்கியது. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. சீட்டு விலை 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். அதே 1968-ல் தமிழ்நாட்டில் அண்ணா அரசு 'பரிசுச் சீட்டு' கொண்டுவந்தது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகத்தைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், உடனே நினைவுக்கு வரும்.

தடை செய்ய மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா?

உண்டு, ஆனால் ஒரு நிபந்தனையோடு. 1998 லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டப்படி ஒரு மாநிலம் பிற மாநில லாட்டரிகளைத் தடுக்கலாம். 'அப்படித் தடுக்க வேண்டுமானால் நீங்களும் லாட்டரி நடத்தக் கூடாது' என்பதுதான் 1999-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம். அதனால்தான் 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தடை போட்டபோது, தமிழ்நாட்டின் சொந்த லாட்டரியும் சேர்ந்தே போனது. மறுபக்கம் கேரளா, மேற்கு வங்கம், பஞ்சாப், மகாராஷ்டிரா, சிக்கிம், நாகாலாந்து போன்ற மாநிலங்களில் விற்பனை நடக்கிறது.

பணம் யாருக்குப் போகிறது?

500 ரூபாய் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் லாட்டரிக்கு ஜிஎஸ்டி 40%. இது சீட்டு விலைக்குள்ளேயே அடக்கம் என்பதால், உங்கள் 500-ல் சுமார் 143 ரூபாய் வரி. மீதியில்தான் பரிசு, ஏஜென்ட் கமிஷன், அரசின் லாபம் எல்லாம்.

பரிசு விழுந்தாலும் முழுசா கைக்கு வராது. 2022 ஓணம் பம்பரில் 66 லட்சத்துக்கும் அதிகமான சீட்டுகள் விற்றன. முதல் பரிசு 25 கோடி. ஏஜென்ட் கமிஷன் 10% போனால் 22.5 கோடி. அதில் 30% வருமான வரி பிடித்தால் 15.75 கோடி. சர்சார்ஜும் செஸ்ஸும் இதற்கு மேல் தனி.

அப்போ லாட்டரியால் நன்மையே இல்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. கேரளாவில் காருண்யா லாட்டரி வருமானம் ஏழைகளின் சிகிச்சை உதவிக்கு என்றே தொடங்கப்பட்டது. தெருவில் சீட்டு விற்றுப் பிழைப்பவர்களில் மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் நிறைய. ஆனால் அந்த உதவிக்கான பணத்தில் பெரும்பங்கு யாருடையது? அன்றாடம் கூலிக்குப் போகிறவர் பையிலிருந்து வந்தது. ஏழையிடம் வாங்கி ஏழைக்கே கொடுக்கும் ஏற்பாடு இது.

தடை செய்தால் தீர்ந்துவிடுமா?

தமிழ்நாட்டில் தீரவில்லை. கேரள லாட்டரி முடிவின் கடைசி மூன்று எண்களை வைத்துப் பந்தயம் கட்டும் 'மூணு நம்பர் லாட்டரி' முளைத்தது. இதில் அச்சடித்த சீட்டு இல்லை, அரசுக்கு வரி இல்லை. ஏமாந்தால் புகார் கொடுக்கவும் வழியில்லை. ஒரு துண்டுச் சீட்டும் வாட்ஸ்அப்பும் போதும். பம்பர் போல வருஷத்துக்குச் சில முறை இல்லை, தினமும் ஆடலாம். கடன் ஏறுவதும் அதனால்தான். சட்டப்படி விற்கும் இடத்தில் கைக்காசு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. தடை உள்ள இடத்தில் அதே பழக்கம் கந்துவட்டிக்காரரிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியது

கேரள அரசு காகிதச் சீட்டு மட்டுமே விற்கிறது. 'ஆன்லைனில் கேரள லாட்டரி' என்று யாராவது லிங்க் அனுப்பினால் அது மோசடி. 'பரிசு விழுந்திருக்கு, முதலில் வரியைக் கட்டுங்கள்' என்று போன் வந்தாலும் நம்பாதீர்கள். வரியைப் பரிசிலிருந்துதான் கழிப்பார்கள், உங்களிடம் முன்பணமாகக் கேட்க மாட்டார்கள். உண்மையிலேயே சீட்டு வாங்கினால், பின்பக்கம் கையெழுத்துப் போட்டு வையுங்கள். பரிசு விழுந்தால் 30 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும்.

விழாவிட்டால், இழந்ததைப் பிடிக்க அடுத்த சீட்டு வாங்காதீர்கள். போன வாரம் நீங்கள் தோற்றது குலுக்கல் இயந்திரத்துக்குத் தெரியாது.