மதுச்சாலையும் ஊர்ச்சபையும்

இங்கிலாந்தில் மதுச்சாலை நடத்துவோர் சமாதான நீதவான் இருவரின் அனுமதியைப் பெறல் வேண்டும் என 1552ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1830இல் அக்கட்டு தளர்ந்தது. ஊரில் வரி இறுக்கும் எவரும் இரண்டு கினி செலுத்தி, நீதவானைக் கேளாமலே பியர் விற்கலாயினர். ஓராண்டுக்குள் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட பியர்க்கடைகள் முளைத்தன! 1869இல் நீதவான்களின் அதிகாரம் மீண்டது.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2005 நவம்பரில் அவ்வதிகாரம் உள்ளூராட்சிச் சபைகளிடம் சென்றது. மக்கள் தெரிந்தெடுத்த சபையாதலின் மக்கள் விருப்பமே வெல்லும் என எண்ணத் தோன்றும். அவ்வாறன்று. தகுந்த ஆட்சேபனை வாராவிடத்துச் சபை அனுமதியை மறுத்தல் இயலாது. ஆட்சேபனையும் குற்றத் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, அயலார்க்குத் தொல்லையின்மை, சிறுவர் நலம் என்னும் நான்கனுள் ஒன்றைச் சார்ந்திருத்தல் வேண்டும். ஊருக்கு இன்னொரு மதுச்சாலை எதற்கு என்னும் வினா மட்டும் அங்கே செல்லாது. விண்ணப்பித்தவர் தம் வாசலில் 28 நாள் வெளிர்நீலத் தாளில் அறிவித்தல் ஒட்டுவார். அதனைக் காணத் தவறிய அயலவர், அனுமதி வழங்கப்பட்ட பின்னர் மீளாய்வு கோரியே சபையின் கதவைத் தட்டலாம்.