கொல்கத்தாவின் பனிக்கட்டியும் சந்தேஷ் ஐஸ்கிரீமும்

அருகிலுள்ள சின்சுரா என்னும் ஊரில் குளிர்கால இரவுகளில் ஆழமற்ற மண்சட்டிகளில் உறையவைத்த கலங்கல் பனியையே நம்பியிருந்த கொல்கத்தாவுக்கு, 1833இல் அமெரிக்கப் பனிக்கட்டி வணிகர் பிரெடரிக் டியூடர் அனுப்பிய 'டஸ்கனி' கப்பல் பாஸ்டனிலிருந்து ஏறத்தாழ 180 டன் ஏரிப் பனிக்கட்டியுடன் புறப்பட்டு வந்தது. நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பின்னும் சுமார் 100 டன் கரையாமல் எஞ்சியது பெரும் சாதனையே. இத்தகைய பனிக்கட்டி உப்புடன் சேரும்போது சுழிய டிகிரிக்கும் கீழே குளிர்வதால், அதை நிரப்பிய மரவாளிக்குள் தகரக் கலத்தைக் கைப்பிடியால் சுழற்றி, பாலை வீட்டிலேயே ஐஸ்கிரீமாக்க முடிந்தது. குளிர்பதனப் பெட்டி வந்தபின் வங்காள வீடுகளில் ஐஸ்கிரீம் செய்வது எளிதாயிற்று: குளிர்காலத்தில் இறக்கும் ஈச்சம்பதநீரைக் காய்ச்சிய நொலேன் குர் என்னும் வெல்லத்தைச் சுண்டிய பாலில் கலந்து, பாதி உறைந்த நிலையில், திரித்த பாலில் செய்யும் இனிப்பாகிய சந்தேஷை உதிர்த்துச் சேர்க்கின்றனர். முன்னதாகச் சேர்த்தால் அது கரைந்துவிடும்; நாவில் தட்டுப்படும் மணல்மணலான தன்மை கிட்டாது.