புள்ளலூர் சண்டையும் கனெக்டிங் ராடும்

எங்க ஊர் புள்ளலூர்னு சொன்னா, வரலாறு படிச்சவங்க உடனே "திப்பு ஜெயிச்ச இடமா?"ன்னு கேப்பாங்க. அதேதாங்க. 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை இங்கேதான் முறியடித்தார்கள்.

அதே 1780ல் பர்மிங்காமில் வேறொரு சண்டை. நீராவி எஞ்சினில் கிராங்க் வைக்க ஜேம்ஸ் பிக்கார்ட் காப்புரிமை வாங்கிவிட்டார். ஜேம்ஸ் வாட்டோ அதற்குப் பணிய மனசில்லாமல், 1781ல் பல்சக்கரங்களை வைத்து மாற்றுவழி கண்டார். இத்தனைக்கும் கிராங்க்கும் ராடும் புதுசே இல்லை. 3ஆம் நூற்றாண்டிலேயே, இன்றைய துருக்கியில் உள்ள ஹியராபொலிஸில், கல் அறுக்கும் ஆலையில் இருந்தவைதான்.

இந்த ராடு எவ்வளவு நீளம் இருக்கணும்? சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாளிலிருந்து, 1990ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகும் மெக்கானிக்குகள் பேசுற விஷயம் இது. ராடு குட்டையானா அதிகம் சாயும், பிஸ்டன் சிலிண்டர் சுவரை அழுத்தித் தேய்க்கும். நீளமானா சாய்வு குறையும், உச்சியில் பிஸ்டன் கொஞ்சம் கூடுதலா நிக்கும்.

போன மாசம் அண்ணன் பையன் தன் ராஜ்தூத் 350க்கு 5 மி.மீ. நீள ராடு போடப்போறேன்னு வந்தான், சேத்து வச்ச காசையெல்லாம் எடுத்துக்கிட்டு. உக்காந்து கணக்குப் போட்டோம். ஸ்ட்ரோக் 54, ராடு 110. அதிகபட்ச சாய்வு 14.2 டிகிரி. ராடு 115 ஆனா 13.6. அரை டிகிரிக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான்! உச்சியில் பிஸ்டன் மேல விழுற இழுவிசையும் நூத்துல ஒரு பங்குகூட குறையல.

செலவோ பெருசு. பிஸ்டன் 5 மி.மீ. மேலே வந்து ஹெட்டில் இடிக்கும். பின் ஓட்டை மேலே தள்ளின பிஸ்டன் வேணும், இல்லேன்னா சிலிண்டருக்கு அடியில் ஸ்பேசர் தகடு. தகடு வச்சா கிராங்க் கேஸ் கொள்ளளவு கூடி, டூ ஸ்ட்ரோக்கில் அடி அழுத்தம் குறையும்.

ஆர்டி400 மாதிரி ஸ்ட்ரோக்கை 62 ஆக்கினா கதை வேற. அதே 110 ராடில் சாய்வு 16 டிகிரியைத் தாண்டும். அப்போ நீளம் கேக்கறதில் நியாயம் இருக்கு. ஆக, முதல்ல ஸ்ட்ரோக், அப்புறம் பிஸ்டன், சிலிண்டர் உயரம். மிச்சமிருக்கிற இடத்துக்குத்தான் ராடு.

பய காசை மறுபடி பையில் வச்சுக்கிட்டான். அடுத்து சைலன்சர் பத்தி கேக்கறான் :-)