மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை

சங்கரன்கோவில்காரர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று அவர்களுக்குள் சண்டை. கோமதி அம்மன் தவமிருக்க, இருவரும் ஒரே உருவாகச் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார்கள். அதுதான் ஆடித்தபசு. அந்த ஆடி மாதத்தில், 1889 ஜூலை 21 அன்று, காவிரிக்கரையில் ஒரு கத்தோலிக்கர் கண்மூடினார். 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' எழுதியவர். சங்கன் பதுமன் கதை தெரிந்த ஊரில் அவரை நினைப்பது பொருத்தம்தான்.

சாமுவேல் வேதநாயகம் பிள்ளை 1826 அக்டோபர் 11 அன்று திருச்சிக்கு அருகே உள்ள குளத்தூரில் பிறந்தார். தந்தை சவரிமுத்துப் பிள்ளை, தாய் ஆரோக்கிய மரியம்மாள். பெயர்களைப் பார்த்தாலே குடும்பத்தின் பக்தி தெரியும். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளர் வேலை, பிறகு மொழிபெயர்ப்பாளர். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். சீர்காழியிலும் வேலை பார்த்துவிட்டு மாயூரத்தில் 13 வருடம் இருந்தார். ஊர்ப்பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால் எல்லோரும் சொல்வது 'பிரதாப முதலியார் சரித்திரம்'. 1879இல் வந்த, தமிழின் முதல் நாவல். தேர்வில் ஒரு மதிப்பெண்ணுக்கு வரும், அதோடு மறந்துவிடுவோம்! படித்துப் பார்த்தால் கதாநாயகி ஞானாம்பாள்தான் மனதில் நிற்கிறாள். ஆண் வேடமிட்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். பத்து வருடம் முன்னால், 1869இல், 'பெண்மதி மாலை' எழுதிப் பெண் கல்விக்காக வாதாடியவரின் கற்பனை வேறு எப்படி இருக்கும்?

நாவலைவிட முக்கியமானது அவருடைய வேலை. 1805 முதல் 1861 வரையிலான மேல் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து, 'சித்தாந்த சங்கிரகம்' என்று 1862இல் வெளியிட்டார். வழக்காடும் விவசாயிக்கு ஆங்கிலம் தெரியாது. தன் நிலம் ஏன் போனது என்பதுகூட அவனுக்குப் புரியாமல் போகலாம். இந்த ஆதங்கத்தை நாவலுக்குள்ளேயும் கொண்டுவந்து, தமிழ் நாட்டு நீதிமன்றத்தில் தமிழில் பேசாத வக்கீல்களை நன்றாகக் கிண்டல் செய்திருக்கிறார். 1859இல் வந்த 'நீதிநூல்' கைக்கூலியையும் கண்டித்தது. லஞ்சம் சுலபமாகக் கிடைக்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுத ஒரு தைரியம் வேண்டும்.

அவர் வீடு எப்போதும் சிரிப்பாக இருந்ததில்லை. மனைவியை இழக்கும் துயரம் அவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்தது. ஆனாலும் ஜெபம் நிற்கவில்லை. 'திருவருள் அந்தாதி', 'தேவமாதா அந்தாதி', 'சத்திய வேதக் கீர்த்தனை' என்று எழுதிக்கொண்டே இருந்தார். மாதாவுக்கு அந்தாதி பாடியவர், திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகரையும் பாடினார். சைவப் புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு நெருங்கிய நண்பர். இவர் மீது அவர் 'குளத்துக் கோவை' என்றொரு நூலே பாடினார். ஒரு கிறிஸ்தவர் மீது சைவ மகாவித்துவான் கோவை பாடுவது அன்று சாதாரண விஷயமா?

1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அப்போது வேதநாயகம் பிள்ளை வேலையில் இல்லை, 1872லேயே ஓய்வு பெற்றிருந்தார். கையில் இருந்ததைச் செலவழித்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். வந்தவர்களிடம் மதம் கேட்கவில்லை. நந்தனார் சரித்திரம் எழுதிய கோபாலகிருஷ்ண பாரதி இதைப் பார்த்து அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். சிதம்பரம் நடராஜரையே பாடிய வாய் அது.

சமரசக் கீர்த்தனைகள் வெளிவந்தது அந்தப் பஞ்ச காலத்தில்தான், 1878இல். எந்தச் சமயத்தவரும் பாடலாம் என்றே எழுதப்பட்ட பாடல்கள் அவை. கர்நாடக இசைக் கச்சேரிகளில் இன்றும் அவற்றில் சிலவற்றைக் கேட்கலாம். எழுதியவர் யார் என்று தெரியாமலேயே பலர் தலையாட்டுகிறார்கள்.

62 வயது நமக்குக் குறைவாகத் தெரியலாம், அந்தக் காலத்தில் அது நீண்ட ஆயுள்தான். கடைசி வரை அவர் கத்தோலிக்கராகவே இருந்தார். சினிமா பிரியர்களுக்கு ஒரு செய்தி: இசையமைப்பாளரும் நடிகருமான விஜய் ஆண்டனி இவருடைய வழிவந்தவர்.