இசைத்தட்டின் வேகமும் பாடகரின் சுருதியும்



சுருதி மாதா, லயம் பிதா என்பது நம் இசை மரபினர் வழங்கிவரும் மொழி. பாடகர் ஒருவர் சுருதியை மாற்றாமலே காலத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவர். இசைத்தட்டிலோ தாயும் தந்தையும் ஒரே சக்கரத்திற் கட்டுண்டு கிடக்கின்றனர். தட்டு விரைந்து சுழன்றால் லயம் விரையும். கூடவே சுருதியும் ஏறும். மெதுவாகச் சுழன்றால் இரண்டும் ஒருங்கே இறங்கும். ஆகவே, பழைய தட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு, "இன்ன வித்துவான் இன்ன கட்டையிற் பாடினார்" என்று நாம் கூறும்போது, உண்மையில் அந்தச் சக்கரத்தின் சாட்சியத்தையே நம்புகின்றோம். அச்சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டு என்று பொதுவாகச் சொல்லுகின்றோம். அப்பெயர் பிற்காலத்தில் நிலைபெற்றது. பிரெட் கைஸ்பெர்க் என்பார் 1902ஆம் ஆண்டிற் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் பாடகரின் குரல்களைப் பதிவு செய்தபோது, வேகத்துக்கு உலகம் ஒப்பிய அளவு யாதும் இருக்கவில்லை. நிமிடத்துக்கு 70 சுற்றுக்கும் 80 சுற்றுக்கும் இடையிற் பதிவாளர் விரும்பியவாறு சுழற்றினர். 1925ஆம் ஆண்டளவில் மின்சார ஒலிப்பதிவு வந்த பின்னரே ஒழுங்கு பிறந்தது. அவ்வொழுங்கிலும் ஒரு பிளவு உண்டு. மின்னோட்டம் செக்கனுக்கு 60 முறை அலையும் அமெரிக்காவில் 78.26 சுற்றும், 50 முறை அலையும் நாடுகளில் 77.92 சுற்றும் அளவாகக் கொள்ளப்பட்டன. இவ்வேறுபாடு செவிக்குப் புலப்படாது, பொருட்படுத்த வேண்டுவதில்லை.

பொருட்படுத்த வேண்டியது பழைய தட்டுகளின் வேறுபாடே. 74 சுற்றிற் பதிவான தட்டை 78இல் ஓட்டினால், சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை உயரும். ஐந்து கட்டையிற் பாடியவர் ஐந்தரைக் கட்டைக்காரராகிவிடுவார். 1933ஆம் ஆண்டில் இளவயதிலேயே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பா இலங்கை மேடைகளிலும் பாடியவர். அவருடைய குரலின் உயரத்தைப்பற்றி நம் முதியோர் வியந்து பேசுவர். அவ்வியப்பைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆயினும் எக்கட்டை என்று எழுதிவைக்கப் புகுவோர், தட்டின் வேகத்தை முதலில் நிறுவிக்கொள்ளுதல் வேண்டும் அன்றோ?

நம் நாட்டில் வானொலியும் இசைத்தட்டோடுதான் பிறந்தது. 1925 டிசெம்பரில் முறையான ஒலிபரப்புத் தொடங்குமுன், எட்வர்ட் ஹார்ப்பர் நடத்திய சோதனைகளிற் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்திலிருந்து வானில் எழுந்தது கிராமபோன் இசையே. பின்னர் தட்டுகள் குடாநாட்டுக் கலியாண வீடுகளிலும் கோயில் வீதிகளிலும் ஒலிபெருக்கி வழியே முழங்கின. மின்சாரம் எட்டாத ஊர்களில் மின்பிறப்பாக்கியே துணை. விளக்குகள் மிகுதியாக ஏற்றப்பட்டு அது திணறினால், சுழல்மேடையின் மோட்டாரும் தளரும். பாட்டின் சுருதியும் இறங்கும். 1990இல் மின்சாரம் முற்றாக நின்றபின், துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலியும் கசெற்றும் கேட்ட தலைமுறை நம்முடையது. மிதிப்பவரின் கால் சோர்ந்தால் பாட்டு என்னவாகும் என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை!

வேகத்தை அளக்கும் வழி எளிது. வட்டமான கடதாசி அட்டையில் ஓரத்தைச் சுற்றிச் சமதூரத்தில் 77 கறுப்புக் கோடுகள் வரைந்து, சுழலும் மேடைமேல் வைக்க வேண்டும். நமது மின்விளக்கு செக்கனுக்கு 100 முறை மினுங்குவதால், வேகம் 77.92 ஆக அமையும்போது கோடுகள் அசையாது நிற்பனபோலத் தோன்றும். முன்னோக்கி நகர்ந்தால் வேகம் அதிகம். பின்னோக்கி நகர்ந்தாற் குறைவு. முப்பத்துமூன்றே மூன்றிலொரு சுற்றுக்கு 180 கோடுகள் வேண்டும். இக்காலத்து எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் இந்த மினுக்கம் இல்லாமையால், பழைய இழை விளக்கையோ நியோன் விளக்கையோ தேடிக்கொள்ளுதல் நன்று.

இங்கே ஒரு பொறி உண்டு. அமெரிக்க அட்டையில் 92 கோடுகள் இருக்கும். அதை யாழ்ப்பாணத்து விளக்கின் கீழ் வைத்துக் கோடுகளை நிறுத்தினால், மேடை சுழல்வது 65 சுற்றே. 60க்கு 50 என்பது ஆறுக்கு ஐந்து. ஷட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள விகிதமும் அதுவே. ஆகவே ஐந்தரைக் கட்டைப் பாடகர் நாலு கட்டைக்கு இறங்கிவிடுவார். அட்டையோ எல்லாம் சரியென்று சாதிக்கும்.

இன்று தட்டுகளைக் கணினிக்கு மாற்றுவோர் பலர், நடன மண்டபங்களிற் பயன்பட்ட சுழல்மேடைகளையே கையாளுகின்றனர். ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 1972இல் வெளியிட்ட டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200, 1979இல் அதன் இரண்டாம் வடிவம் ஆகியன இவற்றுட் புகழ்பெற்றவை. பின்னதில் நீளமான வழுக்கி ஒன்று உண்டு. அதனால் வேகத்தை நூற்றுக்கு 8 வரை ஏற்றலாம், இறக்கலாம். அரைக்கட்டைக்கு நூற்றுக்கு 6 போதும். வழுக்கி நடுவில் நிற்கும்போது பச்சை விளக்கு எரியும். குவார்ட்சுப் படிகம் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓரத்திலுள்ள பெரிய புள்ளிகள் அப்பொழுது அசையாது நிற்றல் வேண்டும்.

வழுக்கியை நகர்த்தும்போது வேகம் துள்ளினால், பெரும்பாலும் குற்றம் அதன் தடத்திற் படிந்த தூசியே. மின்தொடுகைகளைத் துப்புரவாக்கும் திரவம் அதனைத் தீர்க்கும். அளவுக்கோடு நூற்றுக்கு 6 என்று காட்ட, அதற்குரிய புள்ளி வரிசை நிற்காது நகர்ந்தால், உள்ளேயுள்ள சிறு மாறுந் தடையைத் திருத்த வேண்டும். பச்சை விளக்கு எரிந்தும் பெரிய புள்ளிகள் நகர்ந்தால் பழுது ஆழமானது, தொழில்வல்லாரிடமே ஒப்படைக்க. இவ்வியந்திரத்தில் விளக்கும் மோட்டாரும் ஒரே படிகத்துக்குக் கட்டுப்பட்டவை. வழக்காளியே சாட்சியாகவும் நிற்பதுபோல. ஆதலின் புறச்சோதனை ஒன்று வேண்டும். தட்டின் ஓரத்திற் கடதாசித் துண்டு ஒன்றை ஒட்டி, மணிக்கூட்டைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணுக. மூன்று நிமிடத்தில் மிகச் சரியாக 100 சுற்று வந்தால் முப்பத்துமூன்றே மூன்றிலொரு சுற்று மெய்.

இந்த இரண்டாம் வடிவில் 78 என்ற வேகம் இல்லை. 45இல் ஓட்டிப் பதிந்து, கணினியில் 45க்கு 78 என்ற விகிதத்தில் விரைவாக்குவர். பழைய தட்டின் அகன்ற தடத்துக்கேற்ற தடித்த ஊசி அவசியம்.

இயந்திரம் சரியானாலும், தட்டு எவ்வேகத்திற் பதிவானது என்ற வினா எஞ்சும். நாடகப் பாடல்களில் ஆர்மோனியம் நமக்கு உதவும். அதன் கட்டைகள் அரையரைக் கட்டையாகவே அமைந்தவை. பாட்டின் ஆதார சுருதி இரு கட்டைகளுக்கு நடுவில் விழுந்தால், வேகத்தை ஐயுறலாம். ஆர்மோனியங்களும் யாவும் ஒரே சுருதியில் அமைந்தவையல்ல; எனவே இது தீர்ப்பன்று, துப்பு.

நாதஸ்வரத் தட்டுகளுக்கு அத்துப்பும் கிடையாது. நாலைந்து கட்டையில் ஒலித்த திமிரி நாதஸ்வரத்தை விடுத்து, இரண்டு, இரண்டரைக் கட்டைப் பாரி நாதஸ்வரத்தை நிலைநாட்டியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அம்மாற்றத்தின் சரித்திரத்தைத் தட்டுகளைக்கொண்டு ஆராய்வோர்க்கு அரைக்கட்டைப் பிழையும் இடர் தரும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபின், நம்மவர் வீட்டுப் பெட்டிகளில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு தட்டும் ஓர் ஏடே. நகலெடுப்போர் பாடகர் பெயரோடும் தட்டின் இலக்கத்தோடும், ஓட்டிய வேகத்தையும் வழுக்கி நின்ற அளவையும் நகலிலேயே குறித்துவைப்பாராயின், பின்வருவோர் நம் கணிப்பு பிழையெனக் கண்டாலும் அதனைத் திருத்திக் கேட்க இயலும்.