ஓரணாச் சோறு

திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலம் 14 கிலோமீட்டர். பாட்டியோடு பேரனும் நடந்துவிடுகிறான். மறுநாள் தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்கு? அப்பா ஸ்கூட்டர்தான்!

இதில் என்ன சரித்திரம் என்கிறீர்களா? இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் சோறு என்றதும் உங்களுக்கு காமராஜர் ஞாபகம் வரும். அதற்கும் முன்னால், 1920-லேயே, பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போடத் தீர்மானித்தது. தலைக்கு ஒரு நாள் செலவு ஓரணாவைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பான கணக்கு! 1956-ல் காமராஜர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2022-ல் காலை உணவு. எல்லாருக்கும் எதிரி ஒன்றே ஒன்றுதான். பசி!

இப்போது இன்னொரு எதிரியும் சேர்ந்திருக்கிறான். உலகில் 5 முதல் 19 வயதுக்குள் எடை குறைந்த பிள்ளைகள் 9.2 சதவீதம், உடல் பருமன் கொண்டவர்கள் 9.4 சதவீதம் என்றது யூனிசெஃப், 2025-ல்.

இதுவும் வரவு செலவுக் கணக்குதான். சிப்ஸும் குளிர்பானமுமாக வரவு எகிறுகிறது. செலவு? தினம் 60 நிமிடமாவது பிள்ளை ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பிள்ளை டியூஷனில் உட்கார்ந்திருக்கிறான்.

கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தீனியைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாதென்று 2020-லேயே மத்திய அரசு விதி வந்துவிட்டது. வீட்டு அலமாரிக்கு யார் விதி போடுவது? நீங்கள்தான்.

பிள்ளையை 'குண்டு' என்று கேலி செய்யாதீர்கள். முட்டையும் சுண்டலும் கொடுங்கள். நாளைக்குப் பள்ளிக்கூடம் வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போங்களேன். ஓரணாகூடச் செலவில்லை!