ஆசிய விளையாட்டு 2022: மகளிர் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம்

சீனாவின் ஹாங்சோ நகரில் 2023 அக்டோபர் 2, 3 நாள்களில் நடந்த விரைவோட்டம். கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போன போட்டி இது. 76.2 செ.மீ. உயரமுள்ள 10 தடைகளைத் தாண்டி, ஓடுதளத்தை ஒரு முழுச்சுற்று ஓடவேண்டும்.

தகுதிச்சுற்றில் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் 55.42 வினாடியில் ஓடி, 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பி.டி.உஷா படைத்த தேசிய சாதனையைச் சமன் செய்தார். 39 ஆண்டுகள் வேறு எந்த இந்திய வீராங்கனையும் எட்டாத நேரம் அது.

இறுதிப்போட்டி முடிவுகள்:
தங்கம்: ஒலுவகெமி அடெகோயா (பஹ்ரைன்), 54.45
வெள்ளி: மோ ஜியாதியே (சீனா), 55.01
வெண்கலம்: வித்யா ராம்ராஜ் (இந்தியா), 55.68

இதே விளையாட்டு விழாவில் மகளிர் 4x400 மீட்டர் தொடரோட்டத்தில் வெள்ளி வென்ற இந்திய அணியிலும் வித்யா ஓடினார்.